வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறந்த வீடு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், பதினான்காம் இலக்க வீட்டுக்குள் அறுபத்தெட்டு நாட்களாக எவராலும் நுழைய முடியவில்லை. இடையில் வந்த நாலு வெள்ளிக்கிழமைகளைக் கழித்தால் அறுபத்துநாலு. கூரைக்குள் குட்டி போட்டிருந்த ஒரு மரநாய், கேற்றுத் தூணில் முழங்கால் உயரத்தில், இது என் இடம், வராதே என்று எழுதியிருந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரியாது. குனிந்தால் சோற்றில் போட்ட ரம்பை இலையின் வாசனை இலேசாக வரும், அவ்வளவுதான். வீட்டுக்காரி றலியா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, சந்தையிலிருந்து அரைக்கிலோ பாரை மீனோடு திரும்பியவர், கேற்றடிக்கு வந்ததும் வேறெங்கோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தவரைப்போல் சட்டென்று திரும்பி வந்த வழியே நடந்தார். மூன்று தரம் முயன்றார். நாலாம் தரம் மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி தெஹிவளையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் திரும்பினார். தபால்காரர் கடிதங்களை மதிலில் கல் வைத்து விட்டுப்போனார். பொலிசிலிருந்து வந்த சார்ஜன்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி வைத்தார், நின்றார், "மட்ட யன்ன ஹித்தென்னே நே, நோனா" என்றார். போக மனம் வரவில்லையாம். பொலிஸ் புத்தகத்திலும் அப்படியே பதிந்தார்.

அந்தப் பதிவு பத்திரிகை ஒன்றின் உட்பக்கத்தில் நாலு வரியாக வந்தபோது, அதை வெட்டியெடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டவள் கலாநிதி யதுஷா இருளப்பன் ஒருத்திதான். அவள் கொட்டாஞ்சேனைக்காரி. மிருகங்கள் ஒன்றுக்கொன்று வாசனையால் என்ன சொல்லிக்கொள்கின்றன என்பதை இருபத்திரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எலியில் தொடங்கி, மூஞ்சூறில் மூன்று வருடம் போக்கி, கடைசியில் மரநாயில் நின்றுவிட்டாள். பல்கலைக்கழகத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை, வாசனையைப் பிரித்து மேடும் பள்ளமுமாகத் தாளில் வரைந்து தரும் இயந்திரத்தில் கிழமைக்கு இரண்டு நாள், ஒரு குளிர்ப்பெட்டி, உதவிக்குப் புஷ்பராஜ். இவ்வளவுதான் அவளுடைய ஆய்வுகூடம். திங்களில் "வராதே" என்ற வாசனைகளை இயந்திரத்தில் போடுவாள், வெள்ளியில் "வா" என்ற வாசனைகளை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடாது என்ற கவனத்தில் பதினேழு வருடமாக இந்த முறையை ஒருநாளும் மாற்றவில்லை. "வராதே"க்கு ஆறு மேடுகள், "வா"வுக்கு ஏழு. அந்த ஏழாவது மேட்டைக் கண்டுபிடித்தவள் என்றுதான் வெளிநாடுகளில் அவளைத் தெரியும். மூன்று நாடுகளில் அவள் கட்டுரையைப் பாடமாக வைத்திருந்தார்கள்.

வேலைக்காக அவள் சோப்பை விட்டாள், பவுடரை விட்டாள், தலைக்கு எண்ணெயையும் பூவையும் விட்டாள். வெறும் தண்ணீரில் குளித்து, கொதிநீரில் அலசிய பருத்திச் சேலை கட்டி, மரநாய்க்கு முன்னால் ஆளே இல்லாததுபோல் நிற்கப் பழகினாள். கல்யாண வீடுகளில் கடைசி வரிசை. பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர், பெண்ணுக்கு ஏதும் தோல் வியாதியோ என்று தனியாக விசாரித்துவிட்டுப் போனார்கள். தாய் மயிலம்மாவுக்கு இதெல்லாம் பழகவேயில்லை. "ஊரு ஒலகத்துல புள்ளைங்க படிச்சு டாக்டராகி ஊசி போடுதுங்க. எம்மவ டாக்டராகி மரநாய் மோந்த எடத்த மோந்துகிட்டு திரியுறா" என்று மாடிக்குடியிருப்பின் படிக்கட்டில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவாள். யதுஷாவுக்கு வாழ்க்கையில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது: ஒரு மரநாய்க்கு அதன் பாஷையில் ஒரு வசனம் எழுதி, அதை அந்த மரநாய் நம்ப வேண்டும். இதுவரை கூட்டில் அடைத்த மரநாய்களுக்குத்தான் எழுதியிருந்தாள். அடைபட்டவை எதையும் நம்பும்.

இருபத்திநாலாம் நாள் றலியாவின் மருமகன் நபீஸ் அவளை ஒழுங்கைக்குக் கூட்டிவந்தான். ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன், எதையும் உடனே முடிக்கிற ஆள். வாழைப்பழத்தில் மருந்து வைத்தால் இரண்டு நாளில் விஷயம் சரி என்பது அவன் கட்சி. குட்டி இருக்கிறது, பாவம் என்பது றலியாவின் கட்சி. யதுஷா தூணடியில் குந்தி அரைமணி நேரம் மோந்தாள். பிறகு குளிர்ப்பெட்டியிலிருந்து கொண்டுவந்த ஏழு சிறு போத்தல்களிலிருந்தும் அளவாக எடுத்துக் கலந்து, பஞ்சில் தோய்த்து, மரநாயின் எழுத்துக்குச் சரி கீழே தன் கடிதத்தை எழுதினாள்: நாங்கள் வரலாமா. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை தபால்காரர் நேரே உள்ளே போய் முன்வாசலில் கடிதங்களை வைத்துவிட்டு வந்து, அதன்பிறகுதான் தான் உள்ளே போய் வந்ததை உணர்ந்தார்.

றலியா ஓடி வந்தார். கூட்டினார், துடைத்தார், இறைச்சிக் கறி வைத்தார். அந்தி சாய்ந்ததும் கையில் பிளேன்டீக் கோப்பையோடு தான் வீதியில் நிற்கக் கண்டார். சனிக்கிழமை கேற்று பழையபடி ஆகிவிட்டது. அடுத்த வெள்ளி மறுபடி திறந்தது. ஒழுங்கையில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டாயிற்று. ஜும்ஆவுடைய நாளை அந்த உயிரும் மதிக்கிறது என்றார்கள் சிலர்; வெள்ளிக்கிழமை அம்மனுடைய நாள், அது தெரிந்த பிராணி என்றார்கள் வேறு சிலர். மூலைக்கடைக்காரர் மட்டும், அது அரசாங்க உத்தியோகத்தில் இருந்த மரநாயாக இருக்க வேண்டும், அதனால்தான் கிழமைக்கு ஒருநாள் பொதுமக்களைச் சந்திக்கிறது என்றார்.

யதுஷா சிரிக்கவில்லை. வெள்ளி என்ற சொல்லை அவள் எழுதவேயில்லை. எழுதாத சொல் எப்படிக் கடிதத்துக்குள் வந்தது என்று மூன்று கிழமை யோசித்தாள். நாலாவது வெள்ளி, வழக்கமாக ஒன்பதுக்கு வருகிறவள், விடிந்த கையோடு பஸ் பிடித்து ஏழரைக்கே ஆய்வுகூடத்துக்குப் போனாள். குளிர்ப்பெட்டிக்கு மேலே பிள்ளையார் படத்தின் முன்னால் புஷ்பராஜ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். தட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பஞ்சுகள் வரிசையாகத் திறந்து கிடந்தன.

"இது எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"என்ன மிஸ், வேலைக்குச் சேர்ந்த நாளிலயிருந்துதான். ஒரு வெள்ளிகூட விடேல்லை" என்றான் புஷ்பராஜ், பாராட்டப்போகிறாள் என்ற நினைப்பில். "மிஷின் பழுதாகாமல் ஓடுறதே இதாலதான்."

"வெள்ளிக்கிழமை மட்டுமா?"

"வேற எந்த நாளில மிஸ் காட்டுறது?"

அவள் கதிரையில் இருந்தாள். பதினேழு வருடமாக அந்த வாசனை அவளுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வீடு அந்த வாசனைதான். அதை ஒரு வாசனை என்று அவள் மூக்கு ஒருநாளும் கணக்கெடுத்ததில்லை. வெள்ளிக்கிழமையின் காற்று அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தாள். அன்றைக்கே ஒரு வெறும் பஞ்சைப் புகையில் காட்டி இயந்திரத்தில் போட்டாள். ஏழாவது மேடு மட்டும் தனியாக, அழகாக, எழுந்து நின்றது. மரநாயும் அந்த ஒழுங்கையில் வளர்ந்ததுதானே, அதற்கும் சாம்பிராணி என்றால் வெள்ளிக்கிழமை. கடிதத்தில் எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிக்கிழமையின் பெயர் இருந்தது. அது வெள்ளிக்கிழமையை உள்ளே விட்டது. கூடவே மனிதர்களும் போய் வந்தார்கள்.

துறைத்தலைவர் பேராசிரியர் தனஞ்சயன் கெட்டவரல்ல. வருகிற செவ்வாய் ஆய்வுகூடத்தை வைத்திருப்பதா மூடுவதா என்று தீர்மானிக்கிற கூட்டம் இருந்தது. அவள் போய் விஷயத்தைச் சொன்னதும், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உமக்கென்ன பைத்தியமே? ஏழு நாளில ஒரு நாள் கதவு திறந்திருக்கு. உலகத்தில எவன் மரநாயோட கதைச்சு அரை நாள் திறந்தவன்? கட்டுரை கிடக்கட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"மரநாய்க்குத் தெரியும் சேர்" என்றாள் யதுஷா.

திங்கட்கிழமை அவள் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக வெளிநாட்டுக்கு எழுதினாள். ஏழாவது மேடு மரநாயினுடையதல்ல, என் ஆய்வுகூடத்துச் சாம்பிராணியினுடையது, தவறு என்னுடையது என்று மூன்று வரி. புஷ்பராஜின் பெயரைப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை ஆய்வுகூடத்தை மூடத் தீர்மானித்தார்கள். போட்டோகொப்பி மிஷின் இரண்டு அங்கே வந்தது. பிள்ளையார் படத்தை மட்டும் புஷ்பராஜ் கிருலப்பனையில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். ஒரு மாதம் அவளோடு முகம் பார்த்துக் கதைக்க வெட்கப்பட்டான்.

புதன்கிழமை அவள் ஒரு வாளி தண்ணீரும் தேய்த்துக் கழுவத் தேசிக்காயும் எடுத்துக்கொண்டு பதினான்காம் இலக்கத்துக்குப் போய்த் தன் கடிதத்தை அழிக்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த றலியா ஓடிவந்து வாளியைப் பிடித்தார். "ஈக்கிற வெள்ளிக்கெழமையையும் அழிக்கப் போறீங்களா டொக்டர்? என்ட ஊட்டுக்கு நான் போற ஒரே நாள் அது."

"அது பொய்க் கடிதம் டீச்சர். நான் எழுதினது பிழை."

"பிழையான கணக்குல சரியான விடை வந்தா, நான் அரை மார்க் குடுப்பன்."

"முழு மார்க் வேணும்" என்றாள் யதுஷா.

கணித ஆசிரியை வாளியை விட்டார். நபீஸ் மட்டும், இரண்டு கிழமை பார்ப்பேன், பிறகு வாழைப்பழம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த இரண்டு கிழமையும் யதுஷா விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து, எதிர் மதிலோடு ஒரு பலகையில் உட்கார்ந்து, வகுப்புக்கு நேரமாகும்வரை பார்த்தாள். பல் துலக்கப் பற்பசையையும் விட்டிருந்தாள். மயிலம்மா உப்பையும் கரியையும் கையில் கொடுத்து, "பொணத்துக்குகூட வாசம் போட்டுத்தான்டி அனுப்புவாங்க" என்றாள். பதினோராம் நாள் வெளிச்சம் பரவும் நேரத்தில் மதில்மேல் ஓர் இளம் மரநாய் வந்தது. போன வருடத்து மகன். தூணில் எழுதியிருந்ததை மோந்து நின்றது, திரும்பவில்லை; பக்கத்தில் தன் வாசனையைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தது. தாய் கூரையிலிருந்து இறங்கி வந்து, மகன் தேய்த்த இடத்தை மோந்து, அதன்மேல் தன்னுடையதைத் தேய்த்தது. இரண்டும் கூரைக்குப் போயின. யதுஷா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு வாசனை கலந்த பஞ்சுகள் இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கிடைத்தன. அசுத்தமானவை என்று ஒவ்வொன்றையும் கழித்துக் குப்பையில் போட்டிருந்தாள். "வா" என்பது மரநாய் தனியாக எழுதுகிற சொல்லே இல்லை. கேட்கிறவர் முதலில் தன்னை எழுத வேண்டும். அவளோ தன்னை அழிப்பதிலேயே கெட்டிக்காரியாகி இருந்தாள்.

எழுத வேண்டியது வீட்டுக்காரி. அதில்தான் சிக்கல் வந்தது. றலியா சுத்தமான பெண். சோப்பும் அத்தரும் துணிக்குப் போடும் வாசனைத் தண்ணீரும் அறுபது வருடமாக அவருக்கு மேல் படிந்து, அவருடைய சொந்த வாசனை என்னவென்று அவருக்கே தெரியாதிருந்தது. மூன்று நாள் எதுவும் போடக்கூடாது என்று யதுஷா சொன்னதும் முதலில் முகம் சுளித்தார், பிறகு தலையாட்டினார். "தொழுகைக்கு ஒழு எடுக்கிறது தண்ணியிலதானே. சோப்பு எங்கேயும் செல்லி இல்லயே." கடைசி இரண்டு நாளும் உச்சி வெயிலில் இருவரும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்தார்கள். ஒழுங்கை ஆட்கள் மூக்கைப் பிடிக்காமல் கடந்துபோனது பெரிய மரியாதை. நபீஸ் வாழைச் சீப்போடு வந்து நின்றான். "மாமி, ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கோலம்?" என்றான். "வாய மூடிக்கொண்டு பழத்த இங்க வெச்சிட்டுப் போங்க. மருந்து இல்லாத பழமெண்டா" என்றார் றலியா. மருந்து இன்னும் வைக்கவில்லை. இருவரும் இரண்டு பழம் சாப்பிட்டார்கள். பிறகு றலியா கழுத்தையும் நெற்றியையும் உள்ளங்கையால் வழித்துத் தூணில் தேய்த்தார். எதுவும் கேட்டு எழுதவில்லை. ஆளை மட்டும் எழுதினார். யதுஷா போத்தல் ஒன்றையும் திறக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தூணில் றலியாவின் வாசனைக்கு மேல் ரம்பை வாசனை பூசப்பட்டிருந்தது. றலியா செருப்பைக் கழற்றாமலே உள்ளே நடந்தார். புதன்கிழமையும் நடந்தார், வியாழக்கிழமையும். அந்தி சாய்ந்தபின்னும் தன் கட்டிலிலேயே இருந்தார். மகள் குடும்பம், தபால்காரர், மீற்றர்காரர் என்று ஒவ்வொருவராக வந்து தூணில் கையைத் தேய்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அவர்களும் போகலாமென்றாயிற்று. நபீஸை மரநாய் ஒன்பது நாள் காக்க வைத்தது. சார்ஜன்ட் வந்து தொப்பியைக் கழற்றி, தலையை நேரே தூணில் தேய்த்தார். விடயம் சமாதானமாக முடிந்தது என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

யதுஷா இப்போதும் முதலாம் வருட மாணவர்களுக்குப் படிப்பிக்கிறாள். அறை இல்லை, இயந்திரம் இல்லை. றலியாவின் வீட்டுக் கராஜில் புஷ்பராஜ் ஒரு மேசையும், சுத்தப் பஞ்சு அடுக்க ஓர் அலுமாரியும் போட்டுக் கொடுத்தான். அங்கே அவள் இரண்டு வாசனை கலந்த பஞ்சுகளை மட்டும் சேர்க்கிறாள், முதலிலிருந்து. போன சனிக்கிழமை பாமன்கடையிலிருந்து ஒருவர் குடையோடு வந்து வாசலில் நின்றார். அவர் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு மூஞ்சூறு ஆறு நாளாக யாரையும் விடுவதில்லையாம். சோறு கடையில்தான் எடுக்கிறார்களாம். யதுஷா மேசையிலிருந்து கொப்பியை எடுத்து, வீட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"திங்கள் காலைல வாரேன்" என்றாள். "அதுவரைக்கும் வீட்டுல ஒருத்தரும் குளிக்க வேணாம்."