கட்டம் போட்ட தாள்

ஏணியின் மேல்படியில் நின்றபடி சாய்லியன் சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தாள். கிழியவில்லை. கதவு வளைவின் தோளில் தொடங்கிக் குன்றின் உச்சிவரை போகிற பிளவின் குறுக்கே அது விறைப்பாக நின்றது. ஐந்து நாளாக விடாத மழை. கற்பலகைத் தாழ்வாரத்துக்குக் கீழே அந்த ஒரு முழம் மட்டும் நனையாமல் இருந்தது.

அப்பாடா என்று ஒரு படி இறங்கியவள் நின்றாள். மறுபடி ஏறினாள்.

அவள் ஒட்டியது கட்டம் போட்ட தாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் பழைய எழுத்துப் பயிற்சி நோட்டிலிருந்து கிழித்தது. இது கோடு போட்ட தாள். விரலை எடுத்தபோது பசை ஒட்டியது.

மஞ்சள் மண்ணைக் குடைந்து வாழ்கிற அந்த ஊரில், மழை பிடித்தால் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான் இது. காய்ந்திருக்கும்வரை அந்த மண் வாளால் வெட்டியதுபோல் செங்குத்தாக நூறு வருடம் நிற்கும். நீர் உள்ளே இறங்கிவிட்டால் அதை நம்ப முடியாது. அதனால் பிளவின்மேல் தாளை ஒட்டிவைப்பார்கள். தாள் கிழிந்தால் குன்று நகர்கிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். சாய்லியன் வீட்டார் போகவில்லை, தாள் கிழியவில்லை என்பதால்.

அவள் கணவன் தியேஷான் ஆட்டுக்கொட்டிலில் வெறுங்கையோடு நின்றிருந்தான். ஆடுகளை முந்தாநாளே அவன் பக்கத்து ஊருக்கு ஓட்டிவிட்டிருந்தான். அது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எத்தன தடவ?" என்றாள்.

"என்ன எத்தன தடவ?"

"முழிக்காதீங்க. தாளு எத்தன தடவ கிழிஞ்சுது?"

அவன் கூரையைப் பார்த்தான், வைக்கோலைப் பார்த்தான். "மூணு."

"ஆட்டக் காப்பாத்தணும்னு தோணுச்சு. அதே கூரைக்குக் கீழ நான் படுத்திருக்கேனே, அது தோணலியா? நீ மனுஷனா?"

"கத்தாத. அப்பா காதுல விழும்."

"விழட்டும்!"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு நாள், புள்ள. ஒரே ஒரு நாள் அந்த மண்ணு தாங்காதா? அம்மாவுக்கு நடந்தது அப்பாவுக்கும் நடக்கணுமா?"

அவனுடைய அம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் செத்தாள். வெளியே செத்தவளை வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஊர் ஒற்றைக்காலில் நின்றது. முப்பத்தைந்து வருடம் அடுப்பூதிய வீட்டின் வெளியே, இரண்டு நாள் வெயிலில் சவப்பெட்டி கிடந்தது. கிழவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "என்னை மட்டும் வெளிய அனுப்பிராதடா" என்று அன்றைக்கு மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

அது அவளுக்கும் தெரியும். கிழவர் மேல் அவளுக்கு இருந்த பாசம் சொந்த அப்பன் மேல்கூட இருந்ததில்லை. அதற்காக மூன்று பேரும் மண்ணுக்குள் போவதா?

உள்ளே, அடியில் அடுப்புச் சூடு ஓடும் மண்கட்டிலில் மாமனார் வான்சாங் கண் திறந்தே கிடந்தார். நெற்றியில் மஞ்சளாக ஒரு சிட்டிகை மண். அவள் துடைத்துவிட்டாள்.

"நேத்துலேருந்து விழுது, தாயி," என்றார். குரல் நூலாக வந்தது. "தாளு என்ன சொல்லுது?"

பின்னால் வந்து நின்ற தியேஷான் வேண்டாம் என்று தலையாட்டியது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னாள்.

"மூணு தடவ கிழிஞ்சிருச்சு மாமா. உங்க மகன் மாத்தி மாத்தி ஒட்டியிருக்காரு."



"தெரியும். காலங்காத்தால ஏணி சாத்துற சத்தம் கேக்கும். எனக்கும் ஆசதான். பேசாம கெடந்தேன்." கண்ணைத் திருப்பி மகனைப் பார்த்தார். "ரெண்டு கழுதைங்க சேந்து ஒரு பொம்பளயக் கொல்லப் பாத்தோம். தூக்குடா என்னை."

"அப்பா, வெளிய போனா திரும்பி..."

"கதவக் கழட்டு."

"என்னப்பா?"

"இந்தக் கதவு நான் இழைச்சது. உங்கம்மா உள்ள வந்தது இதத் தொறந்துதான். இது மேல என்னைப் படுக்க வை. நான் வெளிய போகல, வீட்டோட போறேன். போதுமா?"

தியேஷான் மண்டியிட்டுக் கட்டிலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். சாய்லியன் அழவில்லை, கதவின் கீல் துருப்பிடித்திருந்தது, அதை நெம்ப வேண்டியிருந்தது.

ஊர்த்தலைவர் லுவோ ஒலிபெருக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மூன்றாவது தடவையாகத் திட்ட வந்தவருக்குக் கதவின் ஒரு முனையைப் பிடிக்க நேர்ந்தது. "குன்றுக்கு இருக்குற மூள உனக்கு இல்லடா தியேஷான்! அது அஞ்சு நாளா சொல்லிட்டிருக்கு," என்று மூச்சு வாங்கிக்கொண்டே வைதார். மழைத்துணியால் மூடி, ஓடைப் பள்ளத்தின் சேற்றில் முழங்கால்வரை புதைந்து, எதிர்மேட்டுக் களத்தை நோக்கித் தூக்கிப்போனார்கள். பாதிப் பள்ளத்தில் கிழவர் கதவின் சட்டத்தை விரலால் இரண்டு முறை தட்டினார். சாய்லியன் குனிந்தாள். அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். ஆனால் தட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

தியேஷான் மழையில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தான். வீடு அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலையில் மழை நின்றது. பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் வந்தது. களத்தில் தார்ப்பாய்க்குக் கீழே, கதவின் மேல் கிழவர் கிடந்தார். வெள்ளைத் துணி கட்டிய உறவுக்காரர்கள் தினைக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கதவில்லாத வீடு வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், பிறகு சாய்லியனைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முந்தின நாளிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாத தியேஷான் எழுந்தான்.

"தூக்குங்க. உள்ள கொண்டு போலாம். ராத்திரி வீட்டுல இருக்கட்டும். நாளைக்கு அடக்கம்."

"வெளிய செத்தவரையா?" என்றார் லுவோ.

"வெளிய எங்க செத்தாரு? கதவுதான் வீடுன்னு அவரே சொன்னாரே. அப்ப வீட்டுல செத்தவருதான். உள்ள போக என்ன தடை?"

வயதானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயந்தான் என்றது ஒரு குரல். நான்கு பேர் குனிந்து கதவைப் பிடித்தார்கள்.

சாய்லியன் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு, பள்ளத்தில் இறங்கும் தடத்தின் குறுக்கே போய் நின்றாள்.

"வழிய விடு," என்றான்.

"மாட்டேன்."

"உன்னாலதான் அவரு மழையில போனாரு. இப்பவும் விடமாட்டியா? பாரு, நிக்குதா இல்லியா! நல்லாப் பாரு!"

இரவெல்லாம் அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். குன்று விழவே விழாதென்றால், அவள் என்ன செய்திருக்கிறாள்? சாகப்போகிறவரின் ஒரே ஆசையைப் பிடுங்கியிருக்கிறாள்.

"ஒரு தாளு ஒட்டிட்டு வரேன்," என்றாள். "மதியம்வரைக்கும் நிக்கட்டும். நின்னா, முன்னால நானே தூக்குறேன். எல்லார் முன்னாடியும் உங்க கால்ல விழறேன்."

"நீ போகாத, நான் போறேன்," என்று லுவோ எழுந்தார்.

"நீங்க ஒட்டினா இவரு நம்பமாட்டாரு. இவரு ஒட்டினா நான் நம்பமாட்டேன்."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

அவள் மாவுப் பசைக் கிண்ணத்தோடும் மகளின் நோட்டோடும் பள்ளத்தைத் தாண்டிப் போனாள். ஏணி நேற்று விட்ட இடத்திலேயே இருந்தது. கோடு போட்ட தாள் பிளவின் இரண்டு பக்கமும் இரண்டு துண்டாகத் தொங்கியது. நேற்று மழையில் கிழிந்தது என்று அவன் சொல்லிவிடுவான். கட்டம் போட்ட தாளை இரட்டையாக மடித்து ஒட்டினாள். அவனுக்குச் சாதகமாகவே இருக்கட்டும். இறங்கும்போது திறந்த வாசலுக்குள் மண்கட்டிலும் மடித்த போர்வையும் தெரிந்தன. உள்ளே ஓடிப்போய் அந்தப் போர்வையை எடுத்துவர வேண்டும்போல் இருந்தது. எடுக்கவில்லை.

திரும்பி வந்து களத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தியேஷான் பத்தடி தள்ளி உட்கார்ந்தான். இங்கிருந்து அந்தத் தாள் ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். கஞ்சி ஆறியது. தார்ப்பாய்க்குக் கீழே பேச்சு குறைந்துகொண்டே வந்து நின்றது. வெயில் ஏறி நிழல் காலடிக்கு வந்தது. "மதியம் ஆயிடுச்சுப்பா," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

சாய்லியன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். சொன்ன சொல் சொன்னதுதான். கதவின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து பிடித்தாள். மற்ற மூன்று பேரும் பிடித்தார்கள். தியேஷான் மட்டும் வரவில்லை. அவன் இன்னும் பள்ளத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிழிஞ்சிருச்சு," என்றான்.

யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. "என்னது?"

"தாளு. ரெண்டாத் தெரியுது." எழுந்து வந்து, அவள் கையைக் கதவிலிருந்து விரல் விரலாக எடுத்துவிட்டான். "கீழ வைங்க. யாரும் போகாதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை. உச்சியிலிருந்த இலந்தை மரம் நின்ற வாக்கிலேயே கீழே இறங்க ஆரம்பித்தது. சாயவில்லை, ஆடவில்லை, யாரோ படியில் இறங்குவதுபோல் இறங்கியது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. களம் ஒரு முறை அதிர்ந்து கஞ்சிக் கிண்ணங்கள் கிலுகிலுத்தன. ஈர மண்ணாதலால் புழுதிகூட எழவில்லை. வளைவு, தாழ்வாரம், ஏணி, கொட்டில் எல்லாம் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சரிவு மட்டும் கிடந்தது. இலந்தை மரம் அதன் அடிவாரத்தில் இலை உதிராமல் நின்றது.

தியேஷான் கதவின் சட்டத்தைப் பிடித்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். சாய்லியன் அப்போதுதான் அழுதாள், மாமா, மாமா என்று, வாய்விட்டு.

அடுத்த நாள் காலையில் கிழவரை அவர் மனைவிக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒரு வகுப்பறை ஒதுக்கியிருந்தார்கள். தியேஷான் கதவை முதுகில் சுமந்து வந்து கழுவி, அறைக்கு வெளியே சுவரில் நிமிர்த்திச் சாத்தினான். சாய்லியன் உள்ளே பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் அவன் உள்ளே வராததால் எட்டிப் பார்த்தாள். அவன் அந்தக் கதவின் முன்னால் நின்று, வீட்டுக்குள் நுழையுமுன் செய்வதுபோல், செருப்பில் அப்பியிருந்த மஞ்சள் மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு கால் முடிந்ததும், அடுத்த காலைத் தூக்கினான்.