தட்டில் நின்ற அரசமரம்

தெட்சிணாமூர்த்திக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பேரிலேயே சாமியை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று யாராவது கேட்டால், "பேரு எங்கப்பா வெச்சது, புத்தி நான் வெச்சுக்கிட்டது" என்பார். காரைக்காலில் பொதுப்பணித்துறை ஓவர்சியர் வேலை. பகுத்தறிவுக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுகிறவர். கல்யாணத்தையே ஐயர் இல்லாமல் மைக் செட் வைத்து நடத்திக்கொண்டவர். தருமபுரத்தில் அவர் கட்டிய வீட்டில் சாமி படத்துக்கென்று கொத்தனார் விட்ட மாடத்தில் ரேடியோப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் ஒருநாள் அரசமரத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மரம் என்றதும் மலைத்துவிட வேண்டாம், மொத்தமே ஒரு முழம். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றை இடிக்கும்போது கைப்பிடிச் சுவர் வெடிப்பில் இருந்தது. வருஷக்கணக்காக மண்ணைக் காணாமல் காரையைத் தின்று வளர்ந்ததால் அடி பருத்து, மேலே குள்ளமாக நின்றுவிட்டது. ஜப்பான்காரர்கள் மரத்தைக் குறுக்கித் தட்டில் வளர்க்கிறார்கள், அதற்குப் பொன்சாய் என்று பேர் என்பதை அவர் ஏதோ வாரப் பத்திரிகையில் படித்திருந்தார். மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, அதன்மேல் அகலமான மண்தட்டு வைத்து, மரத்தை நட்டார். கிளைகளுக்குக் கம்பி சுற்றி வளைத்துவிட்டார்.

ஆபீஸ் ஆட்கள் யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். "ஊரே விழுந்து கும்புடுற சாமி. நம்ம வீட்ல தட்டுல நிக்குது பாருங்க" என்பார். "அரசமரத்தைச் சுத்திட்டு அடிவயித்தத் தொட்டுப் பாத்தாளாம், அந்தக் கதைதானே நம்ம நாட்டுல" என்று சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். காபி கொண்டுவரும் திரிபுரசுந்தரியும் சிரிப்பாள். அடிவயிறு அவளுடையதாயிற்றே, வேறு எப்படிச் சமாளிப்பது.

திரிபுரசுந்தரி அவர் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளை இல்லை. தஞ்சாவூர் வரை போய்ப் பார்த்தாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, பொறுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். பொறுங்கள் என்று சொல்வது சுலபம், அந்த டாக்டருக்கு மூன்று பிள்ளைகள்.

பள்ளிக்கூடத்தில் சௌந்தரவல்லி டீச்சர் ஒரு நாள் காதோடு சொன்னாள். "குளத்தங்கரை அரசமரத்த திங்கக்கிழமை திங்கக்கிழமை சுத்தினேன் சுந்தரி. பால் ஊத்தி நூத்தெட்டுச் சுத்து. நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ." அவள் மடியில் அப்போது ஆறு மாதக் குழந்தை இருந்தது. நம்பாமல் எப்படிப் போவது?

ஆனால் குளத்தங்கரையில் போய்ச் சுற்ற முடியுமா? ஓவர்சியர் பெண்டாட்டி மரம் சுற்றுகிறாள் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பச்சையமும் ஒளிச்சேர்க்கையும் நடத்துகிற டீச்சர் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றினால் அந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கும். அவளுக்கு அப்போதுதான் மாடியின் ஞாபகம் வந்தது. அரசு என்றால் அரசுதானே, முழத்தில் என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை விடிகாலையில் அவர் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனதும் சுந்தரி ஒரு டம்ளர் பாலோடு மாடிக்குப் போவாள். பாலைத் தட்டில் ஊற்றிவிட்டுச் சுற்றத் தொடங்குவாள். குளத்தங்கரை மரத்தைச் சுற்றினால் கால் வலிக்கும், இதைச் சுற்றினால் தலை கிறுகிறுத்தது. நான்கு எட்டில் ஒரு சுற்று முடிந்துவிடும். பாதியில் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று, கிறுகிறுப்பு அடங்கியதும் மறுபடி தொடங்குவாள். தன்னை யாராவது பார்த்தால் உயிர் போய்விடும் என்று தோன்றும். ஒருவரும் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது மரத்தின் இலை வெளுக்க ஆரம்பித்தது.

தெட்சிணாமூர்த்தி பதறிப்போனார். தண்ணீரைக் குறைத்தார், பிறகு கூட்டினார். கைபம்புத் தண்ணீர் உப்பு என்று குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தார். ஒன்றும் சரிப்படவில்லை. பால் புளித்துத்தான் வேரைக் கெடுக்கிறது என்று சுந்தரி படித்த படிப்பு சொன்னது. நிறுத்திவிடு என்றும் சொன்னது. இத்தனை வாரம் சுற்றிவிட்டுக் கடைசியில் நிறுத்தினால் எல்லாம் வீணாகுமே என்று மனசு சொன்னது. மனசுதான் ஜெயித்தது.

அவர் கடைசியில் வேளாண்மைத் துறையில் இருக்கும் சிநேகிதர் இளையபெருமாளைக் கூட்டிவந்தார். நெல்லுக்கும் உளுந்துக்கும் வைத்தியம் பார்க்கிறவர், தட்டில் நின்ற மரத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஆனாலும் குனிந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார்.

"பழைய இலை வெளுத்திருந்தா தழைச்சத்து இல்லேன்னு சொல்லலாம் மூர்த்தி. இங்க கொழுந்துதான் வெளுத்திருக்கு. நரம்பு பச்சையா இருக்கு, நடுவுல மஞ்சள். வேருக்கு இரும்புச்சத்து ஏறல." பிறகு மண்ணை விரலால் கிளறி மோந்தார். முகம் சுளித்தது. "மேலால வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு. புளிச்ச நாத்தம் வேற. எதையோ ஊத்துறாங்க. கழுநீர்த் தண்ணியா இருக்கும்."

சுந்தரி காபி டம்ளர்களோடு மாடிப்படிக் கதவருகே நின்றிருந்தாள்.

"அமுதம், இங்க வா" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார் தெட்சிணாமூர்த்தி.

அமுதம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டி, மாடியில் துணி காயப்போடுகிறவள். சுந்தரியைவிட நாலைந்து வயது மூத்தவள். அந்த வீட்டுக்கு அவர்கள் குடி வந்த நாளிலிருந்து இருக்கிறாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி மேலே வந்தாள்.

"இந்தச் செடியில கழுநீர்த் தண்ணி ஊத்தினியா?"

"இல்லீங்க சார். நான் அதும் பக்கத்துலயே போறதில்ல."

"மாடிக்கு வர்றது நீ ஒருத்திதானே?"

"கழுநீர்த் தண்ணிய எங்க வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோறேனுங்களே. அதுக்கே பத்தல. இதுல ஏன் கொட்டப்போறேன்?"

நியாயமான பேச்சுதான். யாருக்கும் புரியக்கூடிய பேச்சு. தெட்சிணாமூர்த்தி நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அமுதம் டீச்சர் பக்கம் திரும்பினாள். டீச்சர் தனக்காக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அந்த முகம் நம்பியது. இளையபெருமாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு தன்னைப் பார்ப்பதுபோல் சுந்தரிக்கு இருந்தது. உண்மையில் அவர் காபியைத்தான் பார்த்தார்.

"விடுங்க" என்றாள் சுந்தரி. "தெரியாம ஊத்தியிருப்பா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்."

பாவியின் வாயில் அது எப்படித்தான் வந்ததோ. இரக்கப்படுகிறவளைப் போலச் சொல்லி, பழியை அவள் தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டாள். பேசாமல் இருந்திருந்தால்கூட அந்த அளவுக்குப் பாவமில்லை.

"நான் ஊத்தல டீச்சர்" என்று அமுதம் மெதுவாகச் சொன்னாள். கீழே போய், தேய்க்க வைத்திருந்த பாத்திரத்தை ஒன்று விடாமல் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சுந்தரிக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் இலைப் படம் போட்டுவிட்டு, பாகங்களின் பேரை எழுத மறந்து நின்றாள். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அமுதத்தின் முகம் வந்தது. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல் வாளியில் சேர்த்து வைத்தாள், சேர்த்து வைத்தது புளித்தும் போனது. அந்தத் திங்கட்கிழமை அவள் மாடிக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இளையபெருமாள் புதுமண்ணும் எருவும் கொண்டுவந்தார். தட்டைத் தரையில் இறக்கி, மரத்தை வேரோடு மெதுவாகத் தூக்கினார். வேரைப் பிரித்துக்கொண்டே வந்தவர் விரல் எதிலோ பட்டு நின்றது. சுண்டுவிரல் நீளத்தில் சுருட்டிய செப்புத் தகடு. பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. வேர் அதைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது.

"அட, மந்திரிச்ச தகடு" என்றார் இளையபெருமாள். "இதான் சங்கதி. மண்ணுல செம்பு கூடினா வேரு இரும்ப எடுக்காது. சும்மா கிடந்தா ஒண்ணும் பண்ணியிருக்காது. மேலேருந்து புளிப்பு எறங்கி எறங்கிக் கரைச்சுவிட்டிருக்கு. ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா மரம் தாங்கியிருக்கும்." தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதையும் அந்த வேலைக்காரப் பொம்பளதான் வெச்சிருப்பாளோ?"

சுந்தரி தகட்டைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது நூல் இல்லை, கட்டுக்கம்பி. சென்ட்ரிங் வேலையில் இரும்புக் கம்பிகளைக் கட்டுகிற மெல்லிய கம்பி. முனையைக் குறடால் இரண்டு முறுக்கு முறுக்கி மடித்துவிட்டிருந்தது. கிளை வளைத்த கம்பிகளிலும் அதே முறுக்கு, அதே மடிப்பு இருந்தது.

"அவ இல்ல அண்ணே" என்றாள் சுந்தரி. தெட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். இளையபெருமாள் இரண்டு பேரையும் பார்த்தார், புதுமண்ணை நிரப்பினார், வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அவர் போனபிறகு தெட்சிணாமூர்த்தி கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "போலகம் ரோடு வேலைக்குப் போனப்ப அங்க கோவிந்தராசுன்னு ஒரு பூசாரி. வலிய வந்து குடுத்தாரு. அரசமரத்து வேர்ல வைங்க, வருஷம் திரும்பறதுக்குள்ள தொட்டில் கட்டுவீங்கன்னாரு. தூக்கிப் போடத்தான் வாங்கினேன். போட முடியல சுந்தரி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊரெல்லாம் மேடையேறிப் பேசிட்டு, எவன் மூஞ்சியில முழிப்பேன் நான்."

இப்போது சொல்லிவிடலாம் என்று சுந்தரி நினைத்தாள். நானும்தான் என்று ஒரு வார்த்தை. அவர் அழுகிறதைப் பார்த்தாள். சொல்லவில்லை. வெட்கம் அப்படிப்பட்டது, பக்கத்தில் இன்னொருவர் வெட்கப்பட்டு நிற்கும்போதுகூட ஒண்டிக்கொள்ள இடம் தேடும்.

"அமுதம் வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவோம்" என்றார் அவர். "கழுநீர்த் தண்ணி ஊத்தினா ஊத்திட்டுப் போறா. மரம் கெட்டது என்னால."

சுந்தரி அன்று காலை அரிசி கழுவிய தண்ணீர் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெறுங்கையோடு போகக் கூசியது, அவ்வளவுதான். வாய்க்கால் கரைத் தெருவில் டீச்சர் வாளியோடும் ஓவர்சியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் போவதைக் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள்.

அமுதம் வாசலில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

தெட்சிணாமூர்த்தி தகட்டைப் பற்றி மறைக்காமல் சொன்னார். குழாயடிக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்று சொன்னார். "மனசுல வெச்சுக்காத அமுதம். நாளையிலேருந்து வந்துடு."

அமுதம் வைக்கோலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப நான் கழுநீர்த் தண்ணி ஊத்தலேன்னு ஒத்துக்கறீங்களா சார்?"

"அது..." என்று இழுத்தார் அவர். "நீ தெரியாம ஊத்தியிருந்தாலும் பரவாயில்லேங்கறேன்."

மாடியில் சுந்தரி சொன்ன அதே சொல், அவர் வாயிலிருந்து திரும்பி வந்தது.

"அது பாலு" என்றாள் சுந்தரி. "நான் ஊத்தினது. திங்கக்கிழமை திங்கக்கிழமை பால ஊத்தி நான் சுத்தினேன். அமுதம் ஊத்தல."

தெட்சிணாமூர்த்தி திரும்பி அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை, அமுதத்தையே பார்த்தாள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அமுதம் வந்து வாளியை வாங்கிக்கொண்டாள். மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். மாடு மூக்கை விட்டு உறிஞ்சியது. வாளியைக் கழுவி, கவிழ்த்துத் தட்டி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து சுந்தரியிடம் நீட்டினாள்.

"எலை வெளுத்ததுக்கு ஆபீசரக் கூட்டியாந்து காட்டினீங்க. எலை எலையாப் பாத்தாரு. நான் இல்லேங்கறேன், இல்லேங்கறேன், என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. சாரு சந்தேகப்பட்டாரு, அது போவட்டும். ஊத்தினது யாருன்னு தெரிஞ்சிருந்தும் நீங்க எனக்காவப் பாவப்பட்டீங்க பாருங்க டீச்சர், அதத்தான் தாங்க முடியல."

சுந்தரி வாளியை வாங்கிக்கொண்டாள்.

"நான் வேற வீடு பாத்துக்கிட்டேன்" என்றாள் அமுதம். "மாட்டுக்குன்னு இனிமே எதையும் எடுத்துக்கிட்டு வராதீங்க."