ஆறு நோன்பில் மூன்றாவது நாள்

சூதாட்டம் ஒரு நோய் என்று யாராவது சொன்னால் மெத்தைப் பட்டறை வைத்திருக்கும் ஜிலாலி சிரிப்பார். "நோயாளியா இருந்தா ரமலான் முழுக்க என்னால நிறுத்த முடியுமாய்யா? முப்பது நாள்! ஒரு சீட்டுகூட எழுதலை."

உண்மைதான். டெர்ப் சுல்தான் பேட்டையில் எங்கள் காப்பிக் கடைக்குக் குதிரைப் பந்தயச் சீட்டு எழுத வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். ரமலானில் தொடமாட்டார்கள். பெருநாள் கழிந்ததும், நிரபராதி என்று தீர்ப்பு வாங்கி வந்தவர்களைப்போல வந்து உட்காருவார்கள். மீதிப் பதினொரு மாதத்துக்கும் அந்த ஒரு மாதமே அத்தாட்சி. இருபது வருடமாக அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய் வைக்கிற எனக்கும் அது சரியென்றே பட்டது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

இந்த வருடம் ஜிலாலியின் மனைவி மிலூதா, ரமலானை அடுத்து வரும் ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பையும் இருவரும் சேர்ந்து வைக்கலாம் என்றாள். அந்த ஆறு நாளும் அவர் பந்தயம் கட்டக் கூடாது. கட்டினால் குரிப்கா ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள். இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"முப்பதை முடிச்சவனுக்கு ஆறு எம்மாத்திரம், புவஸ்ஸா?"

நோன்பு தொடங்கி இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டரை மணிக்கு வந்து, தேநீர் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, தொலைக்காட்சிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"என்ன ஹாஜி, நோன்பு வாய்க்கு மட்டும்தானா?" என்றார் டாக்சி ஓட்டும் லஹ்சன்.

"நோன்புக்கு முன்னாடி கிளம்பின உன் குதிரை இன்னும் வந்து சேரலை. முதல்ல அதைத் தேடு."

எல்லோரும் சிரித்தார்கள். "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். பத்து நிமிடத்தில் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மணிப் பந்தயத்தில் அவர் குதிரை கடைசிக்கு முந்தியதாக வந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புவஸ்ஸா, ரமலான்ல இந்தக் கடை பகல்ல பூட்டித்தானே இருக்கும்?"

"ஆமா."

"இவங்க யாரும் எழுதமாட்டாங்க."

"மாட்டாங்க."

"அப்ப நான் நிறுத்தலை. ஊரே சேர்ந்து என்னைப் பிடிச்சு வெச்சிருந்திருக்கு."

தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ இன்னொரு சீட்டை எடுத்தார்.

"நோய்தான்னு ஆயிடுச்சு. எங்கப்பாவும் இதுலயேதான் போனார். ரத்தத்துல இருக்கறதை என்ன செய்ய? மிலூதாவும் போகத்தான் போறா."

எனக்குப் பயமாகிவிட்டது. நோயில்லை என்று நம்பி எழுதிய மனிதர், நோய் என்று நம்பியதும் இன்னும் வேகமாக எழுதினார்.

"காய்ச்சல்னு தெரிஞ்சா போர்வை போத்திக்குவியா, மழையில போய் நிப்பியா?" என்றேன்.

பேனா நின்றது. நான் வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வைத்துவிட்டு முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"எழுந்திரு. இன்னிக்கு நோன்பு திறக்க உன் வீட்டுக்கு வர்றேன். விருந்தாளியை வேண்டாம்னா சொல்வே?"

சொல்ல அவரால் முடியாது. அஸர் தொழுகையை வழியில் பள்ளிவாசலில் தொழுதோம். தெருமுனை வந்ததும் அவர் நடை இரண்டு முறை தயங்கியது. நான் முன்னால் போகவில்லை.

அந்த நேரத்தில் என்னை வாசலில் கண்டதுமே மிலூதாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்பதற்கு முன்பே ஜிலாலி சொன்னார்.

"போனேன். எழுதினேன். என்னால நிறுத்த முடியும்னு இத்தனை வருஷமா உங்கிட்ட சொன்னது பொய். எனக்கே தெரியாம சொன்ன பொய்."

அவள் உள்ளே போய்விட்டாள். பெட்டி இழுக்கும் சத்தம் கேட்குமோ என்று பயந்தேன். பாத்திரச் சத்தம்தான் கேட்டது. பாங்கு சொன்னபோது மூன்று கிண்ணத்தில் ஹரீரா சூப் வந்தது. பேரீச்சம்பழத் தட்டை எனக்கு நீட்டினாள். பிறகு, முகத்தைப் பார்க்காமலே, அவர் பக்கமும் தள்ளினாள்.

பாதிக் கிண்ணம் குடித்ததும் கேட்டாள்: "பந்தயம் எத்தனை மணிக்கு?"

"மூணுக்கு."

"நாளைக்கு மூணு மணிக்கு உன் பட்டறைக்கு வர்றேன். மெத்தைக்குப் பஞ்சு அடைச்சுத் தர்றேன்."

"குரிப்கா?" என்றார் அவர்.

"அங்க போயிட்டா மூணு மணிக்கு உங்கூட யார் இருப்பா?"

ஜிலாலி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நாளை மறுநாள் நான் வர்றேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, மூன்று மணிக்குத்தான் கடையில் கூட்டம் அதிகம். முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினேன்.