காரணம் கேட்கப்படவில்லை

கண்ணாடிக்கடைக்காரர் மனிதநேய வட்டம் ஆரம்பித்தபோது தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. யார் மூக்கிலும் கண்ணாடியைக் கோணாமல் உட்கார வைத்துவிடுவார். அந்த மூக்குக்குச் சொந்தக்காரரிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசத்தான் வராது. மனைவி இறந்த பிறகு அந்த நாலும் இரண்டாகிவிட்டது. அப்படிப்பட்டவர் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையில் இருபது நாற்காலி போட்டு, 'சாமி வேண்டாம், சடங்கு வேண்டாம், மனுஷங்க போதும். ஞாயிறு மாலை நாலு மணி' என்று போர்டு மாட்டினால் சிரிப்பு வராதா?

ஆனாலும் முதல் ஞாயிறு பத்தொன்பது பேர் வந்தார்கள். பிஸ்கட்டுக்காக வந்தவர்களைக் கழித்தாலும் பதினாலு தேறும்.

அன்றைக்கே நோட்டில் விதிகள் எழுதினார். எதைப் பற்றியும் ஏன் என்று கேட்கலாம் என்பது முதலாவது. யாரும் யாருக்கும் பெரியவர் இல்லை என்பது இரண்டாவது. மூன்றாவதைத்தான் அடிக்கோடு போட்டு எழுதினார்: வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. மூன்றுக்கும் எல்லாரும் கை தூக்கினார்கள்.

அதற்கு ஒரு கதை உண்டு. அவர் மனைவி ஒரு பிரார்த்தனைக் குழுவில் இருந்தாள். ஒரு வாரம் போகாவிட்டால் போதும், மறுநாளே நாலு பெண்கள் வாசலில் நிற்பார்கள். "என்னக்கா, உடம்புக்கு என்ன?" என்று உள்ளே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் இறந்த பிறகும் வந்தார்கள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அதோடு அந்த வாசலுக்கு யாரும் வருவதில்லை.

விதி மூன்றை எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள், யாரும் கேட்கவில்லை. கூட்டத்தை வளர்க்க அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார், நோட்டீஸ் அடித்தார், பிஸ்கட்டைக்கூட உசத்தியாக மாற்றினார். இரண்டு வருஷத்தில் மிஞ்சியது ஐந்து பேர்: கணக்கு வாத்தியார், பஸ் டிரைவர், இன்னும் இருவர், அப்புறம் அவர்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு சுருண்டு கிடந்தார். கடை ஷட்டர் இறங்கியே இருந்ததைத் தெருவில் எல்லாரும்தான் பார்த்தோம். வெளியூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். கதவைச் சாத்துகிற ஆளிடம் யார் போய் நிற்பது?

ஏழாம் நாள் ஞாயிறு. நாலு மணிக்குத் தலைக்கு மேலே நாற்காலி இழுபட்டது. மாற்றுச் சாவி கணக்கு வாத்தியாரிடம் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது இழுபடவில்லை. தான் இல்லையென்று தெரிந்துவிட்டது, இனி யாராவது கீழே வருவார்கள் என்று எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார். தலையைக்கூட வாரிக்கொண்டார். மேலே யாரோ என்னவோ சொல்ல, சிரிப்பு கேட்டது. ஒரு மணி நேரம் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்து, அவர் கதவுக்கு வெளியே நின்றது.

"உள்ள இருமற சத்தம் கேட்டுச்சே. தட்டிப் பாக்கலாமா சார்?" என்றது பஸ் டிரைவரின் குரல்.

"விதி இருக்கேப்பா," என்றார் கணக்கு வாத்தியார். "போட்டதே அவர்தானே? தட்டினா அவருக்கே பிடிக்காது."

செருப்புகள் போய்விட்டன. உள்ளேயிருந்து 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாட்டிய சட்டையோடு திரும்பப் படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் விட்டதும் மாடி ஏறி நோட்டைப் பிரித்தார். வாத்தியாரின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது: 'நிறுவனர் வரவில்லை. விதி மூன்றின்படி காரணம் கேட்கப்படவில்லை.' பின்னோக்கிப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் அதே வாசகம், தன் சொந்தக் கையெழுத்திலேயே. முதன்முதலில் அப்படி எழுதப்பட்ட ஆள் நர்ஸம்மா.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் நின்றார். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் சொன்னாள்: மணியை அழுத்தவே அஞ்சு நிமிஷம் ஆச்சாம்.

"அட, நீங்களா! என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?"

"கூட்டத்துக்கு... ஏம்மா வர்றதில்ல?"

"அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க. அப்புறம் போயிட்டாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சுக் கேக்கறீங்களே சார்."

"விதி ஒண்ணு இருந்துச்சு..."

"தெரியும். நானும் கை தூக்கினவதான். அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு." அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன இப்படி இளைச்சுட்டீங்க? உடம்புக்கு என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"காய்ச்சல். ஒம்பது நாள்."

"யார் பாத்துக்கிட்டாங்க?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவளும் விட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி சார். பாக்கறேன்."

அந்த ஞாயிறு அவர் ஆறு நாற்காலி போட்டார். "ஒண்ணு கூடுதலா இருக்கே, எடுத்துடட்டுமா?" என்றார் டிரைவர். "இருக்கட்டும்பா," என்றார். எல்லாரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து நோட்டில் எழுதினார்: 'நர்ஸம்மா வரவில்லை. காரணம் டியூட்டி. கேட்டேன்.'

நோட்டில் அடுத்த ஆள் தையல்காரர். அவர் வீடு எங்கே என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியாது. எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.