யெர்மெக் கேட்ட கார்டு

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஒரு லாயம் தயாராக இருந்தது. குதிரைதான் இல்லை.

லாயம் என்று நான் சொல்வது வரவேற்பறை மூலையில் நிற்கும் கம்ப்யூட்டர் பெட்டியை. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல வெளிச்சத்தில் சுற்றும் காற்றாடிகள், ஒரு சிற்றூருக்கே விளக்கெரிக்கலாம் போன்ற பவர் சப்ளை. எல்லாம் என் மகன் ஒராஸ்பெக் ஆராய்ந்து, ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியவை. அத்தனைக்கும் எஜமானாக வந்து உட்கார்ந்து திரையில் படத்தை ஓட்ட வேண்டிய கிராபிக்ஸ் கார்டை மட்டும் அவன் வாங்கவில்லை. விலை இறங்கட்டும் என்று காத்திருந்தான். இறங்கியது. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தான். ஏறியது. ஏறும்போது எவனாவது வாங்குவானா என்று மறுபடியும் காத்திருந்தான்.

நான் கரகண்டாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். தலைக்கு மேல் பாறை முனகும்போது கீழே கூட்டம் போட்டு விவாதிக்க முடியாது. என் மகனுக்குத் தலைக்கு மேல் எந்தப் பாறையும் முனகியதில்லை. அதனால் இணையத்தில் ஒரு தாடிக்காரன் பேசுவதைத் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பக்தியோடு கேட்பான். தாடிக்காரன் ஒவ்வொரு நாளும் ஒரே முடிவுக்குத்தான் வருவான்: பொறுங்கள். சும்மா இருப்பதற்கு இவ்வளவு நேரம் உழைக்கும் இரண்டு பேரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இது அவன் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கார்டு தேவைப்பட்டது அவன் மகள் ஜானெலுக்கு. அவள் கட்டடக்கலை கடைசி வருடம். எங்கள் வம்சத்தில் வீடு கட்டக் கற்றுக்கொள்ளும் முதல் ஆள் அவள்தான். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் கூடார வீட்டைச் சுருட்டி ஒட்டகத்தின் மேல் ஏற்றத்தான் கற்றிருந்தார்கள். பட்டத்துக்காக அவள் தெமிர்தாவில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு குளிர்காலப் பூங்காவை வரைந்திருந்தாள். வெளியே பனிப்புயல் அடிக்கும்போது உள்ளே மரத்தடியில் உட்காரலாம். அதைச் சும்மா தாளில் காட்டினால் பேராசிரியர்கள் ஏற்க மாட்டார்களாம். உள்ளே நடந்து போவதுபோல, வெயில் விழுவதுபோல, படமாக ஓட வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் பரிசீலனை. படம் இல்லாதவர்கள் அடுத்த வருடம் வரலாம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நானோ எங்கள் குடியிருப்பு முற்றத்தில் உட்காரும் கிழவர்கள் அத்தனை பேரிடமும் இந்தக் கோடையில் என் பேத்தி கட்டடக் கலைஞர் ஆகிறாள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை வாபஸ் வாங்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பிப்ரவரி கடைசி, தேநீர் நேரம். அதுவரைக்கும் ஒப்புக்கு மாட்டியிருந்த பழைய கார்டு மூன்றாவது முறையாக ஜானெலின் படத்தின் நடுவழியில் மூச்சை விட்டிருந்தது.

"அப்பா, இப்ப வாங்குறது சுத்த முட்டாள்தனம்," என்றான் ஒராஸ்பெக். "வசந்தத்துல புது வரிசை வருது. அது வந்த கையோட இதெல்லாம் சல்லிசாக் கிடைக்கும்."

"போன வசந்தத்துலயும் இதேதான் சொன்ன."

"போன வசந்தத்துல வந்தது சரியில்லப்பா. ரொம்ப சூடாகுதுன்னு பேச்சு."

"நம்ம ஊர்ல பிப்ரவரியில சூடாகுற சாமான் ஒண்ணு வீட்டுல இருந்தா என்னடா கெட்டுப்போச்சு?"

ஜானெல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்பா, வசந்தம் வந்து, புது வரிசை வந்து, அது பழசாகி, நீங்க நெனைக்கிற விலைக்கு வர்றப்ப எனக்குக் கல்யாண வயசுல பிள்ளைங்க இருக்கும்."

"இல்லம்மா, நிதானமாப் பாத்தா..."

"நிதானமா நீ பாத்தது போதும்," என்றேன். "நாளைக்கு நானே போய் வாங்குறேன்."

ஒராஸ்பெக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, பொறுத்திருக்க ஓர் அர்த்தமுள்ள காரணத்தைச் சொன்னான்.

"அப்பா, மார்ச் கடைசியில நவ்ரீஸ் பண்டிகைக்கு யெர்மெக் வர்றான்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் ரைசாவின் கை நின்றது.

யெர்மெக் என் மகள் வயிற்றுப் பேரன். மகள் பெற்ற பிள்ளையை நாங்கள் ஜியென் என்போம். தாய்வழி வீட்டில் மூன்று முறை அவன் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் மறுத்ததில்லை. யெர்மெக் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு குதிரைக்குட்டியைக் கேட்டு வாங்கினான். ராணுவத்திலிருந்து திரும்பியதும் என் தகப்பனாரின் வெள்ளி பதித்த இடுப்புப் பட்டையைக் கேட்டான். கொடுத்தேன். அதை இப்போது சுவரில் மாட்டியிருக்கிறான். இடுப்பில் கட்ட முடியாது, இடுப்பு வளர்ந்துவிட்டது. இன்னும் ஒரு முறை பாக்கி. பால்காஷ் செம்பு ஆலையில் நல்ல வேலை. வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் டாங்கி ஓட்டிப் போர் செய்வான். நிஜ ராணுவத்தில் அவன் சமையலறையைத் தாண்டி வந்ததில்லை. அதனால் அவனுக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டும் என்பது குடும்பத்துக்கே தெரியும்.

"இப்ப வாங்கினா அவன் தூக்கிட்டுப் போயிடுவான்," என்றான் ஒராஸ்பெக். "பண்டிகை முடிஞ்சு அவன் கிளம்பட்டும், அப்புறம் வாங்குவோம்."

"அப்புறம் வாங்கினா படம் முடியாதுப்பா," என்றாள் ஜானெல். "பூங்கா முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொரு வெளிச்சமும் கணக்குப் போட்டு வரணும். ஒரு மாசத்துக்கு மேல வேணும்."

"இப்பவே வாங்கிடலாம். அவன் வர்றப்ப மேல ஒரு போர்வையப் போட்டு மூடிடலாம்," என்றாள் ரைசா, யாரையும் பார்க்காமல்.

"நம்ம ஜியென்கிட்டயிருந்து ஒரு பொருளை ஒளிச்சு வெக்கிறதா? திருட்டு நிலக்கரி விக்கிறவன் செய்ற வேலைம்மா அது. அவனுக்குப் பயந்து வாங்காம இருக்குறது அதைவிடக் கேவலம். வாங்குறோம். கண்ணாடிக்குப் பின்னால வெக்கிறோம். கேட்டா கொடுக்குறோம்," என்றேன்.

"தாத்தா, அப்ப என் பூங்கா?"

பதில் இல்லாத கேள்விக்கு நான் எழுந்து நிற்பது வழக்கம். எழுந்து நின்றேன்.

மறுநாள் ஒராஸ்பெக்கையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். கடைக்காரர் அர்காதி பாக், கொரிய வம்சத்தவர், மரியாதையான மனிதர். முதலில் உள்ளேயிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார்.

"அய்யா, இது கைமாறினதுதான். ஆனா புதுசு மாதிரி. ஒரு டீச்சரம்மா வெச்சிருந்தது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போடுவாங்க."

குதிரையின் வாயைப் பிளந்து பார்க்காமல் எங்கள் ஆட்கள் வாங்குவதில்லை. காற்றாடிக்கு நடுவில் மூக்கை வைத்து முகர்ந்தேன். பொசுங்கிய தூசி வாசம். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறேன் என்று ஏதோ கொட்டகையில் அலமாரி அலமாரியாக அடுக்கி, ராத்திரி பகல் ஓட்டிய சரக்கு.

"உங்க டீச்சரம்மா எந்தச் சுரங்கத்துல பாடம் நடத்தினாங்க?" என்றேன்.

பாக் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பச் சுற்றினார். பிறகு பெட்டி பிரிக்காத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"அப்பா, இதே மாடல் அடுத்த மாசம்..." என்று தொடங்கினான் ஒராஸ்பெக்.

"உன் தாடிக்காரனுக்கு என் சலாம் சொல்லு," என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இரண்டு வருட ஆராய்ச்சி ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரத்தில் முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேருந்தில் அவன் முகம் சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவன் முகம்போல இருந்தது.

பண்டிகை அன்று யெர்மெக் புகையிட்ட மீன் மூட்டையோடு வந்தான். பாசமான பிள்ளைதான், அதை நான் மறுக்கவில்லை. வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டான், மாமனைத் தூக்கிச் சுற்றினான், பண்டிகைக் கஞ்சியை மூன்று கிண்ணம் குடித்தான். வேகவைத்த ஆட்டுத் தலையை வழக்கப்படி நான் அறுத்துப் பங்கிட்டபோது காதை அவனுக்குக் கொடுத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்றுதான் சிறுசுகளுக்குக் காதைக் கொடுப்பது. முப்பது வயதிலும் அவனுக்கு அது தேவைப்பட்டது.

காதை மென்றுகொண்டே மூலையைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் கார்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜானெலின் படம் பாதி வந்திருந்தது. பூங்காவின் ஒரு பாதிக்கு வெயில் அடித்துவிட்டது, மறுபாதி இன்னும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நடுவில் நிறுத்தினால் அவ்வளவுதான்.

யெர்மெக் மெல்லுவதை நிறுத்தினான். எழுந்தான். குனிந்து பார்த்தான். அழகான பெண்ணைப் பார்த்தவன்போலக் கழுத்துவரை சிவந்தான்.

"தாத்தா!"

"சொல்லு."

"எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு."

"இருக்கு."

"அதை இன்னிக்குக் கேக்குறேன். இந்தக் கார்டு."

ஜானெல் தன் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுத்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவள் என் பேத்தி.

"எடுத்துக்க," என்றேன். முதுகை நிமிர்த்தித்தான் சொன்னேன். "ஒராஸ்பெக், ஸ்க்ரூ டிரைவர் கொண்டா."

"அப்பா..."

"கொண்டான்னேன்."

ஒராஸ்பெக் கொண்டுவந்து குதிரை இறைச்சித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். உட்கார்ந்தான். பிறகு, அவனால் அடக்க முடியாத காரணத்தால், சும்மா கேட்டான்:

"மருமகனே, உன் பவர் சப்ளை எத்தனை வாட்?"

"தெரியல மாமா. நானூத்தம்பதுன்னு நெனைக்கிறேன்."

என் மகன் கண்களை மூடிக்கொண்டான். டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் செய்வதுபோல.

"இதை அதுல மாட்டினா உன் டாங்கி மொத குண்டு போடுறதுக்குள்ள கம்ப்யூட்டர் அணைஞ்சிடும். கேபினட் எவ்வளவு நீளம்?"

யெர்மெக் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒராஸ்பெக் அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த காற்றை இரக்கத்தோடு பார்த்தான்.

"இடிக்கும்."

"அப்ப பவர் சப்ளையும் கேபினட்டும் புதுசா வாங்கிடுறேன் மாமா. நாளைக்கே."

"நாளைக்கேவா!" ஒராஸ்பெக்குக்கு நிஜமாகவே பதறியது. நான் அவனைப் பெற்றவன், நடிக்கத் தெரியாதவன் அவன். "இப்பப் போய் எவனாவது பவர் சப்ளை வாங்குவானாடா? இலையுதிர்காலத்துல புது வகை வருது. அது வந்தா இப்ப இருக்குறதெல்லாம் தெருவுல கிடக்கும். கேபினட்டும் அப்படித்தான், காத்தோட்டத்தையே மாத்துறாங்க. இரு, தாடிக்காரர் பேசினதக் காட்டுறேன்."

போனை எடுத்தான். தாடிக்காரன் பேசினான். கஞ்சி ஆறியது. இறைச்சியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. இரண்டு வருடமாக என் காதில் விழுந்து என்னைக் கொன்ற அதே வாக்கியங்கள்: டாலர் இறங்கினால், புது வரிசை வந்தால், பண்டிகைத் தள்ளுபடி வரைக்கும், அவசரப்படுகிறவன் அழுவான். யெர்மெக் முதலில் தலையாட்டினான், பிறகு நகத்தைக் கடித்தான், கடைசியில் மாமனின் தோளில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நோய் தொற்றுவதை இவ்வளவு பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை.

"யெர்மெக்," என்றேன். "அவன் பேச்சைக் கேக்காத. பொருள் உன்னுது. ஸ்க்ரூ டிரைவர் முன்னாலயே இருக்கு. இப்பவே கழட்டி எடுத்துட்டுப் போ."

"இருங்க தாத்தா, மாமா சொல்றதுலயும் நியாயம் இருக்கு." காதைத் தின்றதற்குப் பலன் தெரிந்தது, தப்பான ஆள் பேச்சைக் கேட்டாலும். "எடுத்துட்டுப் போனாலும் என் வீட்டுல பெட்டிக்குள்ளதான் கிடக்கும். இங்கயே இருக்கட்டும். சும்மா வெச்சா கெட்டுப் போகுமோ மாமா?"

"அப்பப்ப ஓட்டுறது நல்லது," என்றான் ஒராஸ்பெக், முழு மனசாட்சியோடு.

"நான் ஓட்டிக்குறேன் அண்ணா," என்றாள் ஜானெல். "தினமும் ஓட்டுறேன்."

"நல்லா ஓட்டு. வெயிட்டு ஏறிடாமப் பாத்துக்க." தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தான் யெர்மெக். ரைசா எழுந்து எல்லோருக்கும் இறைச்சியைச் சூடாக்கினாள். அவனுக்கு மட்டும் இரண்டு பங்கு வைத்தாள்.

பூங்காவின் மறுபாதிக்கும் வெயில் அடித்தது. பரிசீலனைக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். படத்தில் கண்ணாடிக் கூரையில் பனி விழுந்து உருகியதைப் பார்த்து ஒரு பேராசிரியர் தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். ஜானெலைத் தேர்வுக்கு அனுமதித்தார்கள். கோடையில் பட்டமும் வாங்கினாள். முற்றத்துக் கிழவர்கள் முன்னால் நான் வழக்கம்போலத்தான் நடந்துபோனேன், கொஞ்சம் மெதுவாக.

வந்தவர்கள் யாராவது கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து "அருமையான கார்டு" என்றால் உடனே திருத்திவிடுவேன். எங்களுடையதல்ல. என் ஜியென் கேட்டான், கொடுத்தாகிவிட்டது. மூன்றும் தீர்ந்தது.

இலையுதிர்காலம் வந்தது. புது வகை பவர் சப்ளையும் வந்தது. யெர்மெக் போன் செய்தான்.

"மாமா, வந்திடுச்சு. வாங்கிடவா?"

ஒராஸ்பெக் போனோடு ஜன்னல் பக்கம் போய் நின்றான். "அவசரப்படாத," என்று ஆரம்பித்தான். "மொத வாரத்துல வர்றதுல எப்பவும் கோளாறு இருக்கும். குளிர்காலத் தள்ளுபடி வரைக்கும்..."

நான் இரண்டாவது கிண்ணம் தேநீர் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசிவரை கேட்டேன், குறுக்கே பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவர் அலமாரி மேல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தூசி படியாமல் நானே துடைத்து வைக்கிறேன். யெர்மெக் எந்த நாள் வந்தாலும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் யாரும் எதையும் மறுத்ததில்லை.