இரவல் நுண்ணோக்கிகள்

சைக்கிள் டாக்சியின் பின்னால் உட்கார்ந்து, நுண்ணோக்கிப் பெட்டியைக் கைக்குழந்தைபோல் மடியில் அணைத்தபடி எல்லை தாண்டி வந்தாள் எனெலெஸ். மலாவி எல்லையோரத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. அந்தப் பக்கம் ஜாம்பியாவில் அவளுடைய மாமன் மகன் யோனாவுக்கும் அதே வேலை. எல்லைக்கோடு நாடுகளுக்குத்தான், சொந்தபந்தத்துக்கு இல்லை.

ஆய்வு அதிகாரி வரும்போதெல்லாம் யோனாவின் பள்ளியிலிருந்து கருவிகளை இரவல் வாங்கி வைப்பது அவர்கள் வழக்கம். காலையில் அவன் கேலி செய்துதான் பெட்டியைக் கொடுத்தான்.

"என்ன புள்ள, கல்யாண வீட்டுக்கு நகை இரவலா? எங்க அரசாங்கம் வாங்கிக் குடுத்தது, பத்திரம்!"

"ரொம்பத்தான் பீத்திக்காத மச்சான். சாயங்காலம் திருப்பிடுறேன்."

பள்ளி வாசலில் காத்திருந்த தலைமை ஆசிரியர் ஜெயிலோசி, பசையும் வெள்ளைத்தாளும் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொரு கருவியிலும் 'ஜாம்பியா அரசு உடைமை' என்றிருந்த சீட்டின்மேல் எனெலெஸே தாளை ஒட்டினாள். எல்லாம் பள்ளியின் மானத்துக்காக என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

கோழிக் குழம்போடு சீமா என்னும் சோளமாவுக் களியை ஒரு பிடி பிடித்துவிட்டு அதிகாரி ஆய்வகத்துக்குள் வந்தார். கையில் இருந்த தடித்த அறிக்கையைத் தட்டிக் காட்டினார்.

"உயர்நிலைக் கல்விக்கு நாமளும் ஜாம்பியாவும் செலவழிக்கிறத ஒப்பிட்டுப் போட்டிருக்கோம். நாம ஒண்ணும் குறைச்சல் இல்ல. பாருங்க, ஆய்வகம் எப்படி ஜொலிக்குது!" பிறகு கோப்பைப் புரட்டினார். "போன வருஷம் கருவி வேணும்னு எழுதியிருந்தீங்க. அதான் இருக்கேன்னு தள்ளுபடி பண்ணிட்டோம்."

எனெலெஸுக்குச் சுரீர் என்றது. மூன்று வருடமாக எழுதிய விண்ணப்பங்களைக் கிணற்றில் போட்டது தலைநகரம் மட்டுமல்ல, தானும்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதிகாரி முன்வரிசையில் இருந்த மாணவி மெர்விஸை அழைத்தார். நர்ஸ் படிப்பு என்று கனவு காணும் பெண். மூன்று வாரத்தில் அவளுக்குச் செய்முறைத் தேர்வு.

"வெங்காயத் தோலை இதுல வச்சுக் காட்டும்மா."

மெர்விஸ் நுண்ணோக்கியின் முன் வந்து நின்றாள். எந்தத் திருகைத் திருகுவது, எங்கே கண்ணை வைப்பது, ஒன்றும் தெரியவில்லை. அவள் இதுவரை நுண்ணோக்கியைக் கரும்பலகைப் படமாகத்தான் பார்த்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

அதிகாரி சிரித்தார். "எல்லாம் வாங்கிக் குடுத்தும் மண்டையில ஏறலேன்னா அரசாங்கம் என்ன பண்ணும்?" என்று கேட்டுக்கொண்டே, 'கருவிகள் போதுமானவை, மாணவர்களுக்கு அக்கறை இல்லை' என்று எழுதினார்.

எனெலெஸுக்கு ரத்தம் கொதித்தது. ஜெயிலோசி கண்ணால் கெஞ்சியதை அவள் பொருட்படுத்தவில்லை. நகத்தால் தாளைக் கிழித்து, நுண்ணோக்கியை அதிகாரி முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"படிங்க சார். இது எங்களுது இல்ல. அவங்க அரசாங்கம் அவங்க புள்ளைங்களுக்குக் குடுத்தது. ரெண்டு நாட்டுச் செலவ ஒப்பிட அத்தனை பக்கம் எதுக்கு? இந்த ஒரு சீட்டு போதும்."

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும். மானத்தைக் காப்பாத்துறோம்னு நெனச்சு இந்தப் புள்ளைங்க படிப்பைக் கெடுத்தேனே, அந்தத் தப்பு எனக்குப் போதும். இல்லாதத இல்லேன்னு நாங்க சொல்லணும், சொன்னத நீங்க மறைக்காம எழுதணும். ரெண்டு பேரும் நடிச்சா நாசமாப் போறது அதோ அழுதுட்டு நிக்குதே, அந்தப் பொண்ணோட வாழ்க்கைதான்."

அதிகாரி சீட்டைப் பார்த்தார், மெர்விஸைப் பார்த்தார். தான் எழுதிய வரியை அவர் பேனாவால் அடிக்கும்வரை எனெலெஸ் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.