ஈரச்சாக்குக்கு அடியில்

முத்தன்துறை உழவர் சந்தை வாரத்துக்கு ஒரு வீடு வளர்ந்தது. மழை பெய்த வாரங்களில் இரண்டு. சந்தை வந்து சேர்ந்த வீடு கடையாகிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் சரக்கு. போன மாதம் மேலத்தெரு டெய்லர் முதலில் தையல் மெஷினையும் பிறகு மாமியாரையும் விற்றார். மாமியாருக்குக் கிராக்கி அதிகம் என்று ஊரே பேசிக்கொண்டது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்தச் சந்தைக்கு முன்னே வருவது மல்லித்தழை வாசம். கடல்காற்று நின்றுபோன ஒரு சாயங்காலம் அது எமல்டாவின் வீட்டுக்குள் வந்தது. பாத்திரம், பண்டம், மாதா படம் எது போனாலும் போகட்டும். வள்ளம் கவிழ்ந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடக்கும் புருஷன் சூசைராஜை மட்டும் அவளால் கொடுக்க முடியாது. அவனோடு சண்டை போடாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவ்வளவு ஆசை.

"என்னையும் வித்துருவியோ?" என்றான் அவன்.

"சும்மா கெடங்க. உங்கள விப்பேனா நான்?"

எமல்டா கெட்டிக்காரி. எந்தக் காய்க்கடையிலும் ஈரச்சாக்குக்கு அடியில் இருப்பது விற்பனைக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். விடிந்ததும் கட்டிலை மூலைக்குத் தள்ளி, கோணிச்சாக்கை நனைத்து அவனைக் கழுத்துவரை மூடினாள். அந்தப் புழுக்கத்துக்கு அது அவனுக்கும் இதமாகத்தான் இருந்தது.

சந்தை வந்தது. முன்சுவர் இருந்த இடத்தில் தராசு தொங்கியது. வயர்கூடையோடு வந்த ஒரு பெண், கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை நிறுத்து வாங்கினாள். அதுதான் போணி.

"கொசுறு போடுங்கக்கா."

எமல்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாக்குக்கு அடியில் இருப்பதை யாரும் விற்பதில்லைதான். கறிவேப்பிலையும் மல்லியுமாக அதைச் சும்மா அல்லவா கொடுக்கிறார்கள்.

"கொசுறுக்கு ஒண்ணும்..."

"அந்தா, சாக்குக்கு அடியில இருக்கே. போணி நேரத்துல இல்லன்னு சொல்லாதீங்க."

போணிக்கு இல்லை என்று சொல்லும் வாய் முத்தன்துறையில் கிடையாது. எமல்டாவின் வாயும் முத்தன்துறை வாய்தான்.

"எடுத்துக்கோங்க" என்றது.

அந்தப் பெண் சூசைராஜைத் தூக்கி, இரண்டு முறை ஈரம் உதறி, கால்பக்கமாகக் கூடைக்குள் சொருகினாள். முருங்கைக்காய்களுக்கு நடுவே அவன் தலை மட்டும் தெரிந்தது.

"மத்தியானம் சாப்பிடாம கெடக்காத, எமல்டா" என்றான். கூட்டம் கூடையை மறைத்தது.

எமல்டா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நெஞ்சு ஆறவில்லை. அடுத்து வந்த பெரியவர் குனிந்து, அவள் கன்னத்துக் கண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னைக்கு வந்ததாம்மா?"

"இப்பத்தான்யா."

"வாடாம இருக்கு. அரைக்கிலோ போடும்மா."

எமல்டா தராசுத் தட்டை இழுத்து முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.